எப்படிப் புடிச்சாலும் ஓடும்

பயப்படாதீங்க தம்பி. காலை மடக்கிக்கிட்டு உக்காரோணும்னு இல்லீங்க, நல்லா நீட்டிக்குங்க. பெட்டி பூட்டித்தான் இருக்குது. சாவி என்ற பனியனுக்குள்ள. தோட்டா தனியா இந்தப் பையில. லைசென்ஸு சட்டைப் பையில. சென்ட்ரல்ல அந்தப் போலீஸ்காரரு என்னைய ஓரங்கட்டி விசாரிச்சதை நீங்க பாத்துட்டீங்க, அப்ப இருந்து ஜன்னலோரமா நவுந்துக்கிட்டே இருக்கறீங்க. அதான் நானே சொல்லிப்போடறேன். விளையாட்டுத் துப்பாக்கிங்க. என்ற பொண்ணு போட்டிக்குச் சுடறது.

ரிப்பேருக்குச் சென்னைக்குக் கொண்டு போய்ட்டு வர்றேன். லாட்ஜுல ஒரு பொட்டுத் தூக்கமில்லீங்க. இதை ரூமுல வெச்சுட்டு ஒரு டீக் குடிக்கப் போகமுடியுமா? பாத்ரூமுக்குப் போனாக்கூட இதையும் தூக்கிட்டுத்தான். அசந்து வருது, ஆனா தூங்கவும் பயமா இருக்குது. பேசிக்கிட்டே வந்தா தேவலைங்க. உங்களுக்குத் தொந்தரவு ஒண்ணுமில்லையே? ஈரோட்டுலதானே எறங்கறீங்க? அப்பச் செரி.

நமக்குக் கோயமுத்தூருங்க. கணபதியில லேத் பட்டறை. தெய்வசிகாமணின்னா அந்தப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. பெருமைக்குச் சொல்லலை தம்பி, ஒரு மோட்டர் ஓடறப்ப ஒரு ஸ்குரூ டிரைவரை அது மேல வெச்சு இந்தப் பக்கத்தைக் காதுல வெச்சனா, பேரிங் போயிருக்குதா, சாஃப்டு வளைஞ்சிருக்குதான்னு சொல்லிப்போடுவேன். கழட்டவே வேண்டியதில்லை. எங்க பக்கத்து மில்லுல எஞ்சினீயருங்க எல்லாம் படிச்சவங்க, என்னையக் கூப்பிட்டுத்தான் கேக்க வெப்பாங்க. அப்படிப்பட்டவனை இந்தச் சுண்டைக்கா அளவு துப்பாக்கி படுத்துன பாடு இருக்குதே. போதுமுங்க சாமி.

பொண்ணு பேரு தாரிகா. பதினொண்ணாவது படிக்குது. ஒரே பொண்ணு. பள்ளிக்கூடத்துல இருந்து ரைபிள் கிளப்புக்குக் கூட்டிட்டுப் போனாங்க, சும்மா சுத்திக் காட்டறதுக்கு. அங்க காத்துத் துப்பாக்கியை ஆளுக்கொருக்காக் கையில குடுத்திருக்காங்க. மத்த புள்ளைங்க எல்லாம் சுவத்தைச் சுட்டுருக்குது. இது குறி அட்டைக்கு நடுவுல போட்டுருச்சு. வீட்டுக்கு வந்து அந்த அட்டையைக் காட்டிக் காட்டிச் சிரிக்குது. சோறு திங்கறப்பவும் பக்கத்துலயே வெச்சுக்கிட்டு. "அப்பா, பாருங்க, பாருங்க"ன்னு.

நான் பாத்தனுங்க. பாத்தவுடனே எனக்குத் தெரிஞ்சு போச்சு. இது கை வேற கை. அன்னையில இருந்து நான் இதை வுடலை. கிளப்புல சேத்தி, கோச்சு ரெக்ஸ் மாஸ்டர்கிட்டப் பேசி, கலெக்டர் ஆபீசுக்கு நடையா நடந்து லைசென்ஸ் வாங்கி, இந்த பாயிண்ட் டூடூ பிஸ்டலை வரவெச்சு, எல்லாம் நான்தான். லைசென்ஸ் என்ற பேர்லதான் இருக்குது. அதனால நான் இல்லாம இது வீட்டை வுட்டு வெளிய வராது. பொண்ணு சுடோணும்னா நான் பின்னால நிக்கோணும். நல்லதாப் போச்சுங்க. பின்னால நின்னாத்தானே தப்பு தெரியும்?

ஸ்டாண்டுல ஒரு தொலைநோக்கி வெச்சு, ஒவ்வொரு குண்டு எங்க விழுதுன்னு பாத்துச் சொல்லுவேன். இடதுல போச்சு, விரலை நேரா இழு. கீழ போச்சு, மூச்சைப் புடி. தோளை எறக்கு. இப்ப எதுக்குத் தோளை எறக்குன? இப்படிச் சொல்லிக்கிட்டே இருந்தாத்தானுங்க புள்ளைங்க கவனமா இருக்கும். ரெக்ஸ் மாஸ்டர் ஒருக்கா, "சார், அது சுடட்டும், முடிச்சப்பறம் பேசலாம்"ன்னாரு. முடிச்சப்பறம் சொல்லி என்ன பிரயோசனம்? லேத்துல பீஸு கெட்டப்பறம் சொல்றதா?

பிஸ்டல் வந்த அன்னைக்கு அதோட வந்த புஸ்தகத்தைப் பூரா உக்காந்து படிச்சனுங்க. படிச்சு, பொண்ணை உக்கார வெச்சு, கழட்டிக் காட்டி வெவரம் சொன்னேன். உங்களுக்கும் சொல்றேன் கேளுங்க, சுளுவான வெவரம்தான். தோட்டா வெடிக்குது. வெடிக்கற அந்த வேகத்துல மேல இருக்கற ஸ்லைடு பின்னால போகுது. போறப்பக் காலிக் குப்பியை ஒரு கொக்கி புடிச்சு இழுத்து வெளிய எறிஞ்சுரும். திரும்பி வர்றப்ப அடியில மேகஸின்ல இருந்து அடுத்த தோட்டாவை அள்ளிக்கிட்டு வந்து மூடிக்கும். நாம ஒண்ணும் பண்ண வேண்டியதில்லை, அதுவே பண்ணிக்கும். ஒரே ஒரு கண்டிசன். பின்னால மணிக்கட்டு கெட்டியா நிக்கோணும். கை தளதளன்னு இருந்தா, வெடிச்ச வேகம் பூராக் கைக்குப் போயிரும். ஸ்லைடு பாதி தூரம் போய்ட்டுத் திரும்பிரும். காலிக் குப்பி வெளிய விழுகாம வாயில நெட்டுக்குத்தலா நின்னுக்கும். அடுப்புக் குழாய் மாதிரி. அப்பறம் சுடமுடியாது.

"அதனால அம்மிணி, கையை மட்டும் தளத்திராதே. தளத்துனா ஜாம் ஆயிரும்"னு அடிச்சுச் சொன்னேன். ஒருக்காக் கேட்டா போதும் அதுக்கு, நல்லா மனசுல வாங்கிக்கும்.

முதல் வருசம் ஒண்ணுமே ஆகலீங்க. அப்ப எல்லாம் துப்பாக்கி தங்கமாட்ட ஓடுச்சு. தப்பு பண்ணுனது பொண்ணுதான். மதுரையில ஒரு போட்டி. ரெண்டாவது பாதியில கோட்டை வுட்டுருச்சு. பத்துக்கு ஆறு, ஏழுன்னு போடுது. திட்டலீங்க தம்பி, நான் திட்டறவன் இல்லை. என்ற அப்பன் எங்களை அடிச்சே வளத்தாரு, நான் ஒரு அடி அடிச்சதில்லை அதை. பேசலை, அவ்வளவுதான். மதுரையில இருந்து கோயமுத்தூரு வரைக்கும் பேசலை. தாராபுரத்துல டீக் குடிக்க நிறுத்துனேன், அது கார்ல இருந்து எறங்கலை. பசிக்கலைன்னுருச்சு. அடுத்த நாளும் பேசலைன்னு வெச்சுக்குங்களேன். அதுக்கடுத்த நாளும்னு வீட்டுக்காரி சொல்லுவா, எனக்கு நெனப்பில்லை. யோசிக்கட்டும்னு வுட்டேன். யோசிச்சாத்தானே அடுத்தபடி தப்பு பண்ணாது?

அதுக்கப்பறம்தான் இந்தத் துப்பாக்கி கெட்டுது.

சேலத்துல போட்டி. ஆரம்பமே செரியில்லை, ரெண்டு குண்டு ஓரத்துல போயிருச்சு. நான் பின்னால நின்னு "ம்ஹூம்"னேன். அதுக்குக் கேட்டிருக்கும். அடுத்த குண்டுல ஜாம். காலிக் குப்பி நெட்டுக்குத்தலா நிக்குது, அடுப்புக் குழாய். கை தூக்கிருச்சு. போட்டியில ஜாம் ஆனா இடது கையைத் தூக்கோணுங்க. ரேஞ்ச் ஆபீசர் வருவாரு, துப்பாக்கியை வாங்கிப் பாப்பாரு, மெய்யாலுமே ஜாமுன்னா அந்த அஞ்சு குண்டையும் திருப்பிச் சுடலாம். ஆனா ஒரு தடவைதான் அந்தச் சலுகை. மறுக்கா ஆச்சுன்னா சுடாத குண்டுக்கெல்லாம் சைபர். அன்னைக்கு மறுக்காவும் ஆச்சு. சைபர் போட்டாங்க.

எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோவம், அந்தத் துப்பாக்கி மேல! புள்ளை மூஞ்சி வெளுத்து நிக்குது. "வுடு கண்ணு, மிஷின் கெட்டா மனுசன் என்ன பண்றது?"ன்னு தோள்ல தட்டிக் கூட்டிட்டு வந்தேன். வர்ற வழியில பூரா நான் துப்பாக்கியைத்தான் திட்டிக்கிட்டு வந்தேன். அவினாசிகிட்ட ரோட்டுக் கடையில காளான் போட்டுட்டு இருந்தான். அதுக்குக் காளான்னா உசுரு. நிறுத்தி வாங்கிக் குடுத்தேன். ரெண்டு பிளேட்டுத் தின்னுச்சுங்க. தின்னுட்டுப் பேசுச்சு பாருங்க, பள்ளிக்கூடத்துக் கதை, சிநேகிதப் புள்ளை கதை, கெமிஸ்ட்ரி டீச்சர் மூக்கை உறிஞ்சற மாதிரி செஞ்சு காட்டுது. நானும் சிரிச்சேன். அப்படி நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டு வந்து எத்தனையோ நாளாச்சுங்க. தோத்துட்டு வர்ற மாதிரியே இல்லை.

அன்னைக்குப் புடிச்ச சனி. அதுக்கப்பறம் ஜாம் மேல ஜாம்.

நான் முதல்ல மேகஸினைச் சந்தேகப்பட்டேன். மேகஸின் வாய் ஒரு மயிரிழை விரிஞ்சிருந்தாலும் தோட்டா மூக்கைத் தூக்கிக்கிட்டு நிக்கும். அளந்து பாத்தேன், செரியா இருக்குது. இருந்தாலும் புதுசு வாங்குனேன். ஜாம். அடுத்து, கொக்கி. கொக்கி மொன்னையாயிருந்தா குப்பியைப் புடிக்காம நழுவவுட்டுரும். லென்ஸ் வெச்சுப் பாத்தேன். பல்லு ஊசி மாதிரி இருக்குது. அதையும் மாத்துனேன். ஜாம். அப்பறம் தோட்டா. மருந்து கம்மியா இருக்குமோன்னு வேற கம்பெனி, வேற பெட்டி. ஜாம். எண்ணெய் அதிகமான்னு தொடச்சேன், எண்ணெய் கம்மியான்னு போட்டேன். நான் பட்டறைக்குப் போறதே கொறைஞ்சு போச்சுங்க. வீட்டுக்காரி வளர்மதி, "உங்களுக்கு நான் ஒருத்தி இருக்கறது தெரியுதா? மூணு பேரு இருக்கற வீட்டுல துப்பாக்கிகிட்டத்தான் அதிகமாப் பேசறீங்க"ங்கறா.

இதுல வேடிக்கை என்னன்னா தம்பி, நான் சுட்டா ஜாம் ஆகாது. ரெக்ஸ் மாஸ்டர் சுட்டாரு, பெட்டி பூரா காலி பண்ணுனாரு, ஒண்ணுகூட மாட்டலை. பொண்ணு கைக்குப் போனா மாட்டுது. அதுலயும் எப்பவும் மாட்டறதில்லை. நல்லாச் சுட்டுக்கிட்டு இருக்கறப்ப மாட்டாது. பத்து, பத்து, ஒம்போது, பத்துன்னு போகறப்பப் பூப்போல ஓடும். ஒரு ஏழு வுழுந்துச்சோ, ஒரு ஆறு வுழுந்துச்சோ, நான் பின்னால இருந்து வாயைத் தொறக்கறதுக்குள்ள மாட்டிக்கும். சண்டாளத் துப்பாக்கி, ஆளுக்குச் சிரமம்னு தெரிஞ்சுக்கிட்டுக் காலை வார்ற மாதிரி.

கிளப்புல ஒரு பழைய பிஸ்டல் கெடக்குதுங்க. எந்தக் காலத்துதோ, பிடியெல்லாம் தேஞ்சு போனது. நான் பட்டறையில வேலையா இருந்து வரமுடியாத நாள்ல பொண்ணு அதுல சுடும். அதுல ஜாமே ஆகறதில்லைன்னு மாஸ்டர் சொல்றாரு. அட்டையைக் கொண்டாந்து காட்டுனாரு. ஒரு எட்டணாக் காசை வெச்சு மூடிப்போடலாம், அப்படி ஒரே எடத்துல. "சார், நீங்க வராத அன்னைக்குச் சுட்டது இது. நீங்க ஒரு மாசத்துக்கு வராம இருந்து பாருங்களேன்"ங்கறாரு.

எனக்குத் தெரியாதுங்களா இது என்னன்னு? நாளைக்குப் பொண்ணு ஜெயிச்சுதுன்னா பேப்பர்ல யாரு போட்டோ வரும்? மாஸ்டர் போட்டோ வரோணும். அதுக்கு அப்பன் இருக்கக்கூடாது. நல்ல மனுசன்தான், ஆனா உள்ளுக்குள்ள அந்த ஆசை. "செரிங்க மாஸ்டர்"ன்னுட்டு அடுத்த நாள் நேரத்துலயே போய் நின்னேன். ஜாம்.

அப்பத்தானுங்க எனக்கு மண்டையில ஒறைச்சுது. துப்பாக்கி செரி, மேகஸின் செரி, தோட்டா செரி. என்ன மிச்சம்? கை! நானே சொன்னதுதானே, கை தளந்தா ஜாமுன்னு. இத்தனை நாள் கண்ணுக்கு முன்னால இருந்திருக்குது, தெரியாமப் போச்சு. புள்ளைக்கு மணிக்கட்டுல பலமில்லை! வயசுப் பொண்ணு, செரியாச் சாப்பிடறதில்லை, ராத்திரியெல்லாம் பொரண்டு பொரண்டு படுக்குதுன்னு அவங்கம்மா சொல்றா. ஒடனே எலும்பு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன். அவரு ஒரு கருவி வெச்சிருக்காரு, கையில புடிச்சு அமுக்கோணும். இது அமுக்குச்சு. டாக்டர் பாத்துட்டு, "ஏம்ப்பா, என் கையைவிடப் பலமா இருக்கே"ங்கறாரு. எக்ஸ்ரே எடுங்கன்னு நான்தான் சொன்னேன். ஒண்ணுமில்லை. வெளிய வர்றப்ப டாக்டர் என்னையத் தனியாக் கூப்பிட்டு, "பொண்ணு சந்தோசமா இருக்குதா?"ன்னு கேக்கறாரு. கைக்குக் காட்ட வந்தா இதென்ன கேள்வி? "ஒரு கொறையும் வெக்கலீங்க, கேக்கறதுக்கு முன்னால வாங்கித் தர்றேன்"னு சொல்லிட்டு வந்தேன்.

இருந்தாலும் மனசு கேக்கலை. ரப்பர் பந்து வாங்கியாந்து, டீவி பாக்கறப்ப அமுக்கிக்கிட்டே இருன்னு குடுத்தேன். அமுக்குச்சு. மொகத்தைக்கூடத் திருப்பாம அமுக்கிக்கிட்டே இருக்கும். இப்ப அது ஒரு பாட்டில் மூடியை இறுக்குச்சுன்னா என்னால தொறக்கமுடியறதில்லீங்க. ஆனா ஜாம் மட்டும் நிக்கலை.

வர்ற ஞாயித்துக்கெழமை மாநில அணிக்கு ஆளெடுக்கறாங்க தம்பி. இதுல வந்துட்டா அப்பறம் டெல்லி. வல்லீன்னா ஒரு வருசம் போச்சு, அடுத்த வருசம் பன்னண்டாவது, பரிச்சைன்னு எல்லாம் போச்சு. ஞாயித்துக்கெழமை ஜாம் ஆகக்கூடாது. எனக்கு அது ஒண்ணுதான். அதுக்குத்தான் இந்த அலைச்சல்.

சென்னையில ஒரு துப்பாக்கிக் கடையில எட்வின்னு ஒரு பையன் இருக்கறான், அவன் கை வெச்சா எதுவும் ஓடும்னு சொன்னாங்க. போனேன். காதுல கடுக்கன், வாயில பபுள்கம். "இன்னா சார் பிராப்ளம்?"ங்கறான். ஆதியில இருந்து சொன்னேன். கேட்டுக்கிட்டே கழட்டிப் பாத்தான். மாட்டுனான். பின்னால அவங்க சுடற எடத்துக்குக் கூட்டிட்டுப் போய் சுட்டான். படபடன்னு ஓடுது. அப்பறம் என்னையப் பாத்து, "இப்பப் பாரு சார்"ன்னுட்டு, அதே கை, மணிக்கட்டை மட்டும் ஒரு நூல் தளத்துனான். ஜாம்! அடுப்புக் குழாய்! எடுத்துப் போட்டான். கெட்டியாப் புடிச்சான், ஓடுது. தளத்துனான், ஜாம். பொம்மலாட்டம் மாதிரி, வேணுங்கறப்ப மாட்டறான், வேண்டாங்கறப்ப ஓட்டறான்.

"கன்னு சோக்கா கீது சார். உன் பொண்ணு வேணும்னே பண்ணுது"ன்னான்.

எனக்குச் சுர்ருனு ஏறிருச்சுங்க. "டேய், யாரைப் பாத்து என்ன பேசற? என்ற பொண்ணு எதுக்குடா வேணும்னே பண்ணும்? ஜெயிக்கறதுக்கு அல்லும்பகலும் உசுரைக் குடுத்துக்கிட்டு இருக்குது"ன்னேன்.

"அது எனக்கின்னா தெரியும்? நீ அப்பன், நீதான் கேக்கணும். கன்னாண்ட கேட்டா கன்னு இன்னா சொல்லும்?"ங்கறான்.

அந்த மட்டுல எந்திரிச்சு வந்திருப்பேன். ஞாயித்துக்கெழமை கழுத்துல கத்தி. அதனால பொறுத்துக்கிட்டு, "நீ வியாக்கியானம் பண்ணாதே. கை தளந்தாலும் மாட்டாத மாதிரி பண்ண முடியுமா முடியாதா?"ன்னேன். அவன் என்னைய நிமுந்து பாத்தான். பபுள்கம் மெல்றதைக்கூட நிறுத்திட்டான். "முடியும். பண்ணட்டா?"ன்னான். "அதுக்குத்தானே வந்திருக்கறேன்"னேன். வேற ஸ்பிரிங்கு, லேசானது ஒண்ணு மாத்தி, அதுக்குத் தோதா வேற தோட்டா குடுத்தான். "இனிமே எப்படிப் புடிச்சாலும் ஓடும் சார். ஜாம் ஆகணும்னு நெனச்சாலும் ஆகாது"ன்னான். நானே சுட்டுப் பாத்தேன். டீ டம்ளரைப் புடிக்கற மாதிரி ரெண்டு விரல்ல லேசாப் புடிச்சு, கையைத் தொவளவுட்டு. ஓடுதுங்க! பூராத் தோட்டாவும் ஓடுது! எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு தம்பி. எத்தனை மாசத்துப் பாரம்.

என்னங்க தம்பி அப்படிப் பாக்கறீங்க? நீங்களும் அந்தக் கடுக்கன்காரன் மாதிரியே யோசிக்கறீங்களா? உங்களுக்குக் கல்யாணம் ஆகலைன்னு நெனைக்கறேன். ஆகி ஒரு பொம்பளைப் புள்ளை பொறந்தாத் தெரியும். பெத்தவனுக்குத் தெரியாதது கடைக்காரனுக்குத் தெரிஞ்சிருமாக்கும்.

வெளிய வந்தவுடனே பொண்ணுக்குத்தான் போன் போட்டேன். காலையில. போட்டிக்குன்னு பள்ளிக்கூடத்துல லீவு குடுத்திருக்காங்க, வீட்டுலதான் இருக்குது. "அம்மிணி, தொல்லை வுட்டுது! இனிமே ஜாமே ஆகாது!"ன்னேன். லைன் கட்டாயிருச்சோன்னு "அலோ, அலோ"ங்கறேன்.

"ஆகவே ஆகாதாப்பா?"ன்னு கேக்குது.

"ஆகவே ஆகாது. நீ கையைத் தளத்துனாலும் ஓடும்."

"அப்ப நான் தப்பாச் சுட்டா?"

நான் சிரிச்சுப்போட்டேன். "அப்பத் தப்பு உன்றதுதான்! துப்பாக்கி மேல பழி போட முடியாதில்ல"ன்னேன். வெளையாட்டுக்குத்தான் சொன்னேன். "செரிங்கப்பா"ன்னு வெச்சுருச்சு. அதிகமாப் பேசலை. சந்தோசத்துல வாயடைச்சுப் போச்சு போல இருக்குது. எனக்கே அப்படித்தான் இருந்துது.

ஒரு நிமிசமுங்க. வீட்டுல இருந்துதான் கூப்பிடறா.

ம், சொல்லு வளரு. சேலம் வரப்போகுது... என்னது? ... அழுகாம சொல்லு. யாருக்கு? ... எந்தக் கை? ... சோத்தாங்கையா? எந்த வெரலு? ... அய்யோ சாமி. ... டாக்டர் என்ன சொன்னாரு? ... எலும்பா? ... அது மொட்டை மாடிக்கு எதுக்குப் போச்சு? ... துணி எடுக்கவா? ... நீ எங்க போயிருந்த? ... செரி, செரி, உன்னைய ஒண்ணும் சொல்லலை. அதுகிட்டக் குடு.

கண்ணு. ரொம்ப வலிக்குதா? ... அழுகலையா? அழுதாத் தேவலை சாமி, அழுகாம இருக்காதே. ... ஞாயித்துக்கெழமை கெடக்குது வுடு. போட்டியா பெருசு? ... இல்லைடா, அப்பனுக்குக் கோவமே இல்லை. எதுக்குக் கோவம்? ... சத்தியமா இல்லை. நீ என்ன தங்கம் பண்ணுவே. ... காளானா? கடுக்குற கையோட காளான் கேக்குது பாரு! வாங்கியாறேன், வாங்கியாறேன். தூங்கு.

பாத்தீங்களா தம்பி, எங்க நேரத்தை? மொட்டை மாடிக் கதவுல கையைக் குடுத்துருச்சாம். சுடற விரலுங்க, ஆள்காட்டி விரலு. நுனி எலும்புல விரிசல். மாவுக்கட்டுப் போட்டிருக்காங்க, ஒரு மாசத்துக்கு மடக்கக்கூடாதாம். சத்தம் கேட்டு அவங்கம்மா மேல ஓடுனா, கதவுகிட்டக் கம்முனு நின்னுக்கிட்டு இருந்துதாம். ஒரு சத்தம் போடலையாம். "அம்மா, இனி ஞாயித்துக்கெழமை முடியாதில்ல?"ன்னுதான் முதல்ல கேட்டுதாம். பாருங்க, அந்த வலியிலயும் அதுக்குப் போட்டி நெனப்புதான். துணி எடுக்கறது எப்பவும் வளருதான். இன்னைக்குப் பாத்து அம்மாவுக்கு ஒத்தாசை பண்ணலாம்னு போயிருக்குது.

காத்துல சாத்திக்கிச்சுங்குது. அவளைக் கேட்டா காத்தே இல்லைங்கறா, கொடியில துணிகூட ஆடலையாம். அவளுக்கு என்ன தெரியும். அந்தக் கதவு நானே என்ற பட்டறையில அடிச்சதுங்க. இரும்புக் கதவு, நல்ல கனம். சத்தம் வரக்கூடாதுன்னு கீலுக்குப் பேரிங் வெச்சு, கிரீஸ் வெச்சு, அப்படியே வெண்ணெய் மாதிரி போகும். எனக்கு இப்பத் தோணுது, அதுதான் கோளாறு. ரொம்ப லேசாப் போகுது. மேல் கீலு ஒரு நூலு சாஞ்சிருந்தாலும் போதும், தொடாமயே வந்து அடிக்கும். அதை நான் பாக்காம வுட்டுட்டேன்.

குரல் மட்டும் நல்லா இருக்குதுங்க தம்பி. அதைச் சொல்லோணும். வலின்னே தெரியலை. காளான்னு கேட்டுட்டுச் சிரிக்குது, அந்த அட்டையைக் கொண்டாந்து காட்டுன அன்னைக்குச் சிரிச்ச மாதிரி.

போகட்டும். ஒரு மாசம் இருக்குதில்ல. வீட்டுக்குப் போனவுடனே மொத வேலையா அந்தக் கதவைக் கழட்டிப் போட்டுப் பாக்கறேன். கோளாறு எங்கன்னு கண்டுபுடிக்காம நான் எதையும் வுட்டதில்லீங்க.